சும்மா நிற்கும் வண்டி உண்டா?

ஒருபோதும் கிளம்பாத வண்டி யாரையும் குழப்புவதில்லை. எங்கோ ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, தேடினால் அகப்படும். குழப்புவது வேறொரு வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. நடுப்பகலில் அதே சாவியை அதே கை திருப்பினாலும் கிளம்ப மறுக்கிறது. மாலையில் எதுவும் நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் கண்ணெதிரே எத்தனை முறை திருப்பினாலும் ஒழுங்காகக் கிளம்புகிறது. பழைய வண்டி வைத்திருப்போர் பலருக்கும் பழகிப்போன இந்தத் தொல்லையிலிருந்துதான் "நேரம் சரியில்லை" என்றும், "கண் பட்டிருக்கிறது" என்றும், "வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றும் விடைகள் பிறக்கின்றன. சோதிடம், திருஷ்டி, அலுப்பு என்று மூன்றும் மூன்று திசையிலிருந்து வந்தாலும் அவற்றின் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான்: சில வேளை நடந்து சில வேளை நடக்காமல் போகும் ஒன்றுக்கு, தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த எண்ணம் தவறு என்பது என் கட்சி. சில வேளை மட்டும் வருகிறது என்பதே அந்தப் பழுதுக்குக் காரணம் உண்டு என்பதற்கான தலையாய சான்று.

இந்த வாதம் என்னுடையதன்று. 10ஆம் நூற்றாண்டை ஒட்டி மிதிலையில் வாழ்ந்த, நியாயம் என்னும் தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர் உதயனர், நியாயகுசுமாஞ்சலி என்ற நூலில் இதை முழு வலிமையோடு முன்வைத்தார். இறைவன் உண்டென்று நிறுவுவதற்காகவே எழுதப்பட்ட நூல் அது. ஆயினும் இறைவனுக்கு வருவதற்கு முன்பே அவர் தற்செயல்வாதியை எதிர்கொள்கிறார். காரணமே இல்லாமல் ஒன்று தோன்றுமானால், அது ஏன் இப்போது மட்டும் தோன்ற வேண்டும் என்று கேட்கிறார். எதையும் சாராத ஒன்று என்றென்றும் இருக்க வேண்டும், அல்லது ஒருபோதும் இல்லாதிருக்க வேண்டும். நேற்று இல்லாமல் இன்று வந்து நாளை மறையும் எதுவும், வேறு ஏதோ ஒன்று வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டுதான் வந்து போகிறது. "அதன் இயல்பு அப்படி" என்று சொல்வாருக்கும் அவரிடம் விடை இருக்கிறது. இயல்பு என்பது எப்போதும் உடனிருப்பது. எப்போதும் உடனிருக்கும் ஒன்றைக் கொண்டு எப்போதாவது நடப்பதை விளக்க முடியாது. வண்டியின் வயது காலையிலும் நடுப்பகலிலும் ஒன்றே. ஆகவே வயது என்ற விடை நடுப்பகல் மறுப்பை விளக்கவில்லை. மெக்கானிக் கடையில் நிற்கும் நமக்கு இந்த ஒரு படியே பெரிய உதவி. நேற்றும் இன்றும் மாறாமல் இருப்பவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, எது மாறியது என்று மட்டும் தேடினால் போதும் என்று அது சொல்கிறது.

பெட்ரோல் அம்பாசடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரான இந்த வண்டியின் பழைய மாதிரிகளில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது. 1489 சி.சி. எஞ்சின், கார்புரேட்டர், எஞ்சினே இயக்கும் பெட்ரோல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டும் கண்டென்சரும், வெளியே ஒரு காயில், ஒரு பேட்டரி, ஒரு செல்ஃப் மோட்டார் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். வண்டி கிளம்ப வேண்டுமானால் செல்ஃப் எடுக்க வேண்டும், பிளக்கில் தீப்பொறி வர வேண்டும், பெட்ரோல் காற்றோடு சரியான அளவில் சேர வேண்டும், சிலிண்டரில் அழுத்தம் இருக்க வேண்டும். நியாய நூல்கள் சாமக்கிரி என்று அழைக்கும் காரணத் தொகுதி இதுதான். தொகுதி முழுவதும் கூடினால் காரியம் தப்பாது. ஒன்று குறைந்தாலும் காரியம் இல்லை. இப்படிப் பார்த்தால் "சில வேளை கிளம்பாத வண்டி" என்று ஒரு தனி வகை வண்டியே கிடையாது. தொகுதி நிறைந்த கணங்களும் ஓர் உறுப்புக் குறைந்த கணங்களும்தான் உண்டு. எந்த உறுப்பு, எப்போது குறைகிறது என்பதே மீதமுள்ள கேள்வி.

இந்த இடத்தில் பௌத்தர்கள் எழுப்பிய ஒரு மறுப்பு ஆழமானது. களஞ்சியத்தில் கிடக்கும் விதை முளைப்பதில்லை, ஈர நிலத்தில் விழுந்த விதை முளைக்கிறது. விதை ஒன்றே, நீரும் மண்ணும் துணை வராததால்தான் களஞ்சியத்தில் முளைக்கவில்லை என்றனர் நையாயிகர். முளைக்க வல்ல ஒன்று முளைக்காமல் கிடக்குமா, இரண்டும் ஒரே விதை என்பதே பிழை, ஒவ்வொரு கணமும் பொருள் புதிதாய்த் தோன்றி அழிகிறது, முளைக்கும் கணத்து விதை வேறு என்றனர் பௌத்தர். உதயனர் ஆத்மதத்துவவிவேகம் என்ற நூலில் இக்கருத்தை மறுத்து நெடுக வாதாடுகிறார். பொருள் கணந்தோறும் அழிகிறது என்பதை நான் ஏற்கவில்லை. என்றாலும் பழைய வண்டியைப் பொறுத்தவரை பௌத்தர் பக்கம் ஓர் உண்மை உண்டு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பாயிண்ட்டின் முகம் சிறிது எரிகிறது, ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெர்மினலில் உப்புப் பூக்கிறது, ஒவ்வொரு சூட்டிலும் காயிலுக்குள் கம்பி சிறிது விரிந்து சுருங்குகிறது. காலையில் கிளம்பிய வண்டியும் நடுப்பகலில் நிற்கும் வண்டியும் அணுவளவும் மாறாத ஒரே வண்டி என்று எண்ணுகிறவருக்குப் பழுது மாயமாகவே தெரியும். மாறியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டவருக்கே தேடத் தோன்றும். நையாயிகரின் துணைக்காரணமும் பௌத்தரின் மாற்றமும் இங்கே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. காரணமின்மைக்கு இரு தரப்பிலும் இடமில்லை.

இனி நடுப்பகல் மறுப்பையே பார்ப்போம். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியைத் தேநீர்க் கடையில் கால் மணி நேரம் நிறுத்தினால் கிளம்புவதில்லை, வீட்டில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் கிளம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடையிலும் கோயில் வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் நிற்கிறது, வீட்டிலும் அலுவலகத்திலும் நிற்பதில்லை. இடத்துக்கும் பழுதுக்கும் உறவிருப்பதாகத் தோன்ற இது போதும். ஆனால் எஞ்சினை அணைத்தவுடன் விசிறி நிற்கிறது, தண்ணீரின் சுழற்சி நிற்கிறது, எஞ்சின் இரும்பில் தேங்கிய சூடு மட்டும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அணைத்த பிறகு முதல் சில நிமிடங்களில் பானெட்டுக்குள் வெப்பம் குறையாமல் கூடுகிறது. அம்பாசடரின் அந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருப்பவை. பெட்ரோலின் இலேசான கூறுகளோ 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியானால் பம்பால் அதைத் தள்ள முடியாது. சூடு தணிந்ததும் ஆவி மறுபடி திரவமாகிறது, வண்டி கிளம்புகிறது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிய பழைய ஓட்டுநர்களுக்கு இந்த இயற்பியல் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. இடத்துக்கும் பழுதுக்கும் உறவில்லை, நிறுத்திய நேரத்தின் அளவுக்கும் பழுதுக்கும்தான் உறவு. சில இடங்களில் நாம் கொஞ்ச நேரமே நிற்கிறோம், அவ்வளவுதான். நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இல்லை, ஈர விறகு சேர்ந்தால்தான் புகை என்று தர்க்க நூல்கள் விளக்குகின்றன. அவை உபாதி என்று பெயரிட்ட மறைந்திருக்கும் நிபந்தனை இங்கே அந்தக் கால் மணி நேரம்.

நேரம் சரியில்லை என்ற விடையையும் இதே நேர்மையோடு சோதிக்கலாம். அதைக் கேலி செய்து ஒதுக்குவது விவாதமாகாது. ராகுகாலம் திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை, செவ்வாய் பிற்பகல் 3 முதல் 4.30 வரை, வெள்ளி முற்பகல் 10.30 முதல் 12 வரை என்று நாள்தோறும் இடம் மாறுகிறது. வெயிலும் எஞ்சின் சூடும் அப்படி மாறுவதில்லை. பழுது ராகுகாலத்தைப் பின்தொடர்ந்தால் திங்களன்று குளிர்ந்த காலையிலும் வர வேண்டும். சூட்டைப் பின்தொடர்ந்தால் எல்லா நாளும் ஓடிச் சூடேறிய பின்பே வர வேண்டும். ஒன்று இருக்கும்போது இருப்பதும் இல்லாதபோது இல்லாமல் போவதும் என்ற இரு வழிச் சோதனை இது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவையிலேயே அன்னுவயம், வெதிரேகம் என்று இவ்விரண்டும் பேசப்படுகின்றன. 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தமது தர்க்க நூலில் வகுத்த ஒற்றுமை முறையும் வேற்றுமை முறையும் இவற்றுக்கு நெருங்கிய உறவினர். சில வாரங்கள் தேதியும் நேரமும் குறித்துவைத்தால் எந்த விடை நிற்கும், எது விழும் என்று எவரும் பார்த்துவிடலாம்.

இந்தப் பழுதில் தத்துவம் நேரடியாகக் கைகொடுக்கும் இடம் வேறொன்று உண்டு. அது "பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்ற சொல். இன்மையை எப்படி அறிகிறோம்? மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி சொல்லும் பத்து அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், இன்மையை அறிவதான அபாவமும் ஒன்று. மீமாம்சகரான குமாரிலரின் மரபு இதற்கு ஒரு கடுமையான நிபந்தனை விதித்தது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் தேடியும் காணாதபோதுதான், இல்லை என்று சொல்ல உரிமை உண்டு. இருட்டறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. குளிர்ந்த எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு சூட்டில் மட்டும் வரும் பழுதைத் தேடுவது இருட்டறையில் தேடுவதுதான். இதைவிட நுட்பமான உதாரணம் டெர்மினல். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் பூத்த உப்பு வெறும் 0.02 ஓம் தடை தருவதாகக் கொள்வோம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது, அதனால் அந்தத் தடை மீட்டரின் கண்ணில் படவே படாது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது அதே தடையில் 2 வோல்ட் காணாமல் போகிறது. தடை 0.05 ஓம் ஆனால் 5 வோல்ட் போய்விடும், செல்ஃப் "டிக்" என்ற ஓசையோடு நின்றுவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சரியான கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவே. செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகளில் பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தால் பழுது தானாக வெளிப்படும். ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு எர்த் பட்டை ஒன்றே முறையான வழி. அது அற்றுப்போனால் மின்சாரம் சோக் கம்பி வழியாக ஓடி அதைச் சுட வைக்கும். சோக் கம்பி சுடுகிறது என்று ஓட்டுநர் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்கும் மெக்கானிக் பாதி வேலையை முடித்துவிட்டார்.

தேடுவதே பழுதை அழித்துவிடுவதும் உண்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று நுழையும் சிறு துளை அடைத்துக்கொண்டால், ஓட ஓட உள்ளே வெற்றிடம் கூடிப் பெட்ரோல் வரத்து நிற்கும். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்த அந்தக் கணமே காற்று புகுந்து பழுது போய்விடும். அப்போது பக்கத்தில் ஒருவர் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தால் பெருமை பிளக்குக்குப் போகும். புதுப் பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டது என்று சொல்லப்படுவதிலும் இது நடக்கலாம். பேட்டரியை மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்களே, வேலை செய்தது அந்தச் சுரண்டலாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த மழைக்காலத்தில் தொல்லை திரும்பி வரும், நல்ல பேட்டரி ஒன்று வீணாக விலைபோயிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம்மவர் சொல்வது இதைத்தான். அடுத்து நடந்தது என்பதாலேயே ஒன்று மற்றொன்றின் விளைவாகிவிடாது. சந்தேகப்பட்ட உறுப்பைச் சரிசெய்ததும் பழுது போக வேண்டும், வேண்டுமென்றே மறுபடி அந்த உறுப்பைக் குறைத்தால் பழுது திரும்ப வேண்டும். இரண்டும் நிகழ்ந்தால்தான் காரணம் அகப்பட்டது என்று சொல்லலாம்.

சமய நெஞ்சம் உடைய ஒருவர் இங்கே குறுக்கிட்டு, எல்லாம் ஊழ்ப்படி நடக்கிறது என்னும்போது டெர்மினலைத் தேடுவது எதற்கு என்று கேட்கலாம். இக்கேள்விக்குச் சமயங்களே விடை சொல்லியிருக்கின்றன. முயற்சிக்கு இடமே இல்லை, அனைத்தும் நியதி என்றவர்கள் மற்கலி கோசாலரின் ஆசீவகர்கள். சமண ஆகமங்களுள் ஒன்றான உவாசகதசாவோவில் சத்தாலபுத்தர் என்ற ஆசீவகக் குயவரை மகாவீரர் சந்திக்கிறார். இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா என்று கேட்கிறார். முயற்சியால் அல்ல, நியதியால் என்கிறார் குயவர். அப்படியானால் ஒருவன் வந்து பானைகளை உடைத்தால் அவனைத் தண்டிப்பாயா என்று கேட்கிறார் மகாவீரர். தண்டிப்பேன் என்று சொன்னபோதே குயவரின் கொள்கை உடைந்துவிட்டது. வினைக்கொள்கை தற்செயலுக்கு நேர் எதிரானது. எதுவும் சும்மா நடப்பதில்லை என்பதே அதன் உயிர். திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்ததுபோல் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்தார். வைசேடிக சூத்திரம் காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதை அதிருஷ்டம் என்ற காணப்படாத ஆற்றலின்மேல் ஏற்றிச் சொன்னது. இன்று ஒவ்வொரு செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டிலும் அதே காந்த ஆற்றலை நாம் கம்பி சுற்றி உண்டாக்குகிறோம். காணப்படாதது காணப்பட்டதால் எந்தச் சமயத்துக்கும் குறை வந்துவிடவில்லை. ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பதற்கும் எர்த் பட்டையை இறுக்குவதற்கும் பகை எதுவும் இல்லை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைக் கைவிடுவதுதான் பிழை. உதயனரின் இறைவாதமும், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கொரு கர்த்தா உண்டு என்று தொடங்கும் மெய்கண்டாரின் சிவஞானபோதமும், காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகும் வழியின்மேல் நிற்பவை. அந்த வழியை மறுத்து "சும்மா நடந்தது" என்று சொல்லும் பக்தர் தம் சமயத்தின் அடித்தளத்தையே அறியாமல் தோண்டுகிறார்.

நாத்திகப் பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே கட்டாயத் தொடர்பு எதையும் நாம் கண்ணால் கண்டதில்லை, பழக்கத்தால் எதிர்பார்க்கிறோம் என்று 1748இல் டேவிட் ஹியூம் வாதிட்டார். ஒரு கதிரியக்க அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதற்குக் காரணம் சொல்ல முடியாது என்று குவாண்டம் இயற்பியல் பரவலாக விளக்கப்படுகிறது. இரண்டையும் நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உதயனரின் வாதம் பிரபஞ்சத்தின் கடைசித் துகள் வரை செல்லும் என்று என்னால் நிறுவ இயலாது. ஆயினும் அந்த அணுக்களுக்கும் அரை ஆயுள் என்ற மாறாத விகிதம் உண்டு. கோடானுகோடி அணுக்கள் கூடிய ஒரு டெர்மினல் போல்ட்டில் தனி அணுவின் தற்செயல் கரைந்துபோய் விகிதம் மட்டுமே மிஞ்சுகிறது. தற்செயல் எங்கோ உண்டு என்று ஒப்புக்கொண்டாலும் அது இந்த வண்டியில் இன்று நிகழ்ந்தது என்பதற்குத் தனியே சான்று வேண்டும். அச்சான்றை யாரும் காட்டுவதில்லை. ஹியூமுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டாயத்தைக் காணவில்லை என்பது தேடலை நிறுத்தச் சொல்லும் ஆணையாகாது. காரணங்களை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கான விதிகளை அவரே எழுதி வைத்தார்.

கடினமான மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது. ஒரே காரியத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். கிளம்பாமைக்கு இன்று காயில், நாளை கார்புரேட்டர். பழைய வண்டியில் இரண்டு பழுதுகள் சேர்ந்தே குடியிருக்கும், ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்று நிறுத்தும். அப்போது செய்தது வீண் என்று தோன்றும். இது உண்மையான சிக்கல், இதற்குக் குறுக்குவழி இல்லை. "கிளம்பவில்லை" என்ற ஒரே சொல்லால் எல்லா நாளையும் அழைப்பதை நிறுத்திவிட்டால் சிக்கல் பாதி அவிழ்கிறது. செல்ஃப் எடுக்காமல் நின்றதா, செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் நின்றதா? பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்ததா, உலர்ந்திருந்ததா? தீப்பொறி இருந்ததா? நனைந்த பிளக்கும் தீப்பொறி இல்லாமையும் காயில், கண்டென்சர் பக்கம் கை காட்டும். உலர்ந்த பிளக்கும் நல்ல தீப்பொறியும் பெட்ரோல் வரத்தின் பக்கம் காட்டும். காரியத்தை நுணுக்கமாகப் பிரித்தால் காரணங்களும் பிரிந்து நிற்கும். மணிமேகலையின் அளவைவாதி சொன்ன ஒழிவறிவு, அதாவது மற்றவற்றை நீக்கி எஞ்சியதைக் கொள்வது, அப்போதுதான் பயன் தரும். ஒன்று உண்மை. இந்தத் தேடலுக்கு ஆகும் கூலி சில வேளை வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். அங்கே நிறுத்திக்கொள்வது நியாயமே. காரணம் இல்லை என்று நிறுத்துவது வேறு, காரணம் உண்டு, எனக்கு அதைத் தேடக் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்துவது வேறு. இரண்டாவதைச் சொல்கிறவர் வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடமும் அந்தப் பழுதைச் சொல்லிவிடக் கடமைப்பட்டிருக்கிறார்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டி நின்றால், உடனே தள்ளிக் கிளப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். எவ்வளவு தூரம் ஓடி வந்தது, அணைத்து எத்தனை நிமிடம் ஆனது, செல்ஃப் என்ன ஓசை எழுப்பியது, பெட்ரோல் வாடை வந்ததா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என்ற ஐந்தையும் வண்டியிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்லாமல் அந்த நோட்டைக் கையில் கொடுங்கள். சூட்டில் நிற்கும் வண்டியானால் சூடாகவே கொண்டுபோய், நிற்கும்வரை அங்கேயே காத்திருந்து காட்டுங்கள்.